சஹனில் நாலாவது பக்கம்

சாதியாவுக்கு ஏழு வயது முடிந்ததிலிருந்து பத்து வயதுவரை வீட்டில் சோறு கிடையாது. சோறு மட்டுமல்ல, ரொட்டி, இட்லி, வாழைப்பழம், சீனி போட்ட மைலோ பானம், இருமல் மருந்தில் இருக்கும் இனிப்புப் பாகு, எதுவுமே கிடையாது. மருத்துவமனையின் உணவு நிபுணர் எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. முட்டை முப்பத்தெட்டு கிராம். வெண்ணெய் இருபத்திரண்டு கிராம். கெட்டியான கிரீம் நாற்பது கிராம். வெள்ளரிக்காய் பன்னிரண்டு கிராம். அவளுடைய உம்மா ஃபர்சானா, விடியற்காலை சுபுஹு தொழுததும் புக்கிட் மேராவின் எட்டாவது மாடி வீட்டுச் சமையலறையில் மின்தராசை எடுத்து வைத்துவிடுவாள். வெள்ளரிக்காய் பதிமூன்று கிராம் காட்டினால் ஓரத்தில் ஒரு சீவல் சீவ வேண்டும். தட்டில் ஒட்டிக்கொண்ட வெண்ணெயையும் ரப்பர் கரண்டியால் வழித்துப் பிள்ளை வாயில் வைக்க வேண்டும். பாதித் தட்டோடு எழுந்திருக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று கேட்கவும் கூடாது.

வாப்பா முகமது இஸ்மாயிலுக்கோ தொழிலே பரோட்டா. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குள் இருக்கும் ஒரு கோப்பிக்கடை. அதன் முன்பக்கம் அவருடைய பரோட்டாக் கல். விடியலுக்கு முன்னால் போய் உருண்டைகளுக்கு எண்ணெய் தடவி வைத்தால், மதியம் இரண்டு மணிவரை வீசியும் மடித்தும் போட்டுக்கொண்டே இருப்பார். வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். ஊரெல்லாம் அவர் கையால் சாப்பிட்டது. பெற்ற மகளுக்கு ஒரு துண்டு கொடுக்க முடியவில்லை. கடையிலிருந்து வந்ததும் தலைக்குக் குளித்து, சட்டையை வாளியில் ஊறப்போட்ட பிறகுதான் மகள் பக்கத்தில் உட்காருவார். கல்லின் வாசம் அவள் மூக்கில் ஏறக்கூடாது என்று நினைப்பு.

இந்தச் சாப்பாட்டுக்குக் காரணம் வலிப்பு. ஐந்து வயதில் பேருந்தில் வைத்து முதலில் வந்தது. ஆறு வயதில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை. நடந்துகொண்டிருக்கும் பிள்ளை தலை தொங்கி அப்படியே முன்னால் விழும். நெற்றியில் இரண்டு தையல், உதட்டில் ஒன்று. வீட்டுக்குள்ளேயே பஞ்சு வைத்த தொப்பி போட்டுத்தான் நடமாடினாள். மூன்று மருந்துகள் மாற்றியும் நிற்காதபோது, டாக்டர் இந்த உணவுமுறையைச் சொன்னார். கொழுப்பையே எரிபொருளாக்கி உடம்பை ஓட்டுவது, சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்கும், சிலருக்கு அடங்காது என்றார். சாதியாவுக்கு இரண்டாவது மாதம் அடங்கியது. ஒரு மருந்தைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடம் ஒன்றுகூட வரவில்லை.

போன ஜனவரியில் அதே டாக்டர், இனிப் போதும், மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம் என்றார். பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல் தெரிந்தது. வகுப்பில் அவள்தான் ஆகக் குட்டை. பொதுவாகவே இரண்டு மூன்று வருடத்துக்குமேல் இந்த உணவை நீட்ட மாட்டார்கள், நிறுத்திய பிறகும் பல பிள்ளைகளுக்கு வலிப்பு திரும்புவதில்லை, சிலருக்குத் திரும்பும் என்று விவரமாகச் சொன்னார். இஸ்மாயில் "சிலருக்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். கார் நிறுத்துமிடம்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஃபர்சானாவுக்கும் பயம் இருந்தது. ஆனால் இஸ்மாயிலுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் யாரோ கொடுத்த பிஸ்கட்டில் பாதியைச் சாதியா சாப்பிட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு, யா அல்லாஹ் நான் செத்துடக்கூடாது, நான் செத்துடக்கூடாது என்று வாய்விட்டு துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபர்சானா கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டாள். தின்பதற்குப் பயப்படும் பிள்ளையை வளர்த்துவிட்டோம் என்று அன்று பட்டது அவளுக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

மாதத்துக்கு ஒரு படியாகக் கொழுப்பைக் குறைத்தார்கள். முதலில் அரை இட்லி. சாதியா அதைப் பிய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், மென்றுகொண்டே இருந்தாள். வாயில் போட்டதும் மறைந்துவிடுகிறது, கடிக்க ஒன்றுமே இல்லையே என்றாள். மார்ச்சில் கால் கப் சோறும் ரசமும். பள்ளி உணவகத்தில் தோழிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தாளாம். மூன்று வருடமாகத் தன் டப்பாவோடு ஓரத்து மேசையில் இருந்தவள். சொல்லும்போது குரல் உயர்ந்துகொண்டே போனது.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் வைத்து வலிப்பு திரும்பியது.

ஞாயிறென்றால் கூட்டம் நெரியும். ஃபர்சானா கல்லாவில் இருந்தாள். சாதியா பின்மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். பென்சில் விழுந்த சத்தம், பிறகு நாற்காலி சாய்ந்த சத்தம். ஃபர்சானா போய்ச் சேர்வதற்குள் பிள்ளை தரையில் இருந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. பானக் கடை மருதப்பன், ஐம்பது வயதுக்காரர், இடுப்புச் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடிவந்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த வைத்தியம். ஒரு பெரியவர் கரண்டி கேட்டார், பல்லுக்கு நடுவில் வைக்க. ஃபர்சானா இரண்டையும் தடுத்தாள். பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, தன் முக்காட்டைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தாள். முக்காட்டுக்குள் போட்டிருந்த கறுப்புத் தொப்பியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு இளைஞன் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தான்.

"எடுக்கிறதுன்னா எடுங்க. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள் ஃபர்சானா, நிமிராமல்.

அவன் கைபேசியை இறக்கினான். சற்றுப் பொறுத்து, ஒரு நிமிடம் நாற்பது என்றான். பிறகு, இரண்டு பத்து. இரண்டரைக்குள் நின்றுவிட்டது.

இஸ்மாயில் கல்லைவிட்டு நகரவில்லை. மாவு கையிலேயே தொங்கி நீண்டு அறுந்து விழுந்தது. கல்லில் கிடந்த நாலு பரோட்டாவும் கரிந்து புகை வந்த பிறகுதான் மருதப்பன் போய் அடுப்பை அணைத்தார்.

அன்று மதியம் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். சாதியா உறங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு, எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் காயப்போட்ட துணிகளை ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்மாயில் இன்னும் குளிக்கவில்லை. சமையலறை அலமாரியில் ஏறக்கட்டியிருந்த மின்தராசை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாளையிலேர்ந்து பழையபடி" என்றார்.

"டாக்டர்கிட்ட கேப்போம்."

"டாக்டரா வந்து கல்லுகிட்ட நின்னாங்க? நான்தானே நின்னேன். மூணு வருஷம் ஒண்ணும் வரல, ஃபர்சானா. ஓடிக்கிட்டிருந்த வண்டியை ஏன் நிறுத்தணும்?"

"கல்லு வந்துச்சே கிட்னில. பிள்ளை வளரலையே."

"வளராட்டி போகுது. உயிரோட இருந்தா போதும் எனக்கு."

ஃபர்சானா தராசை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு அந்தப் பிஸ்கட் கதையைச் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று தான் கேட்டதை அப்படியே சொன்னாள். இஸ்மாயில் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எடை போட்டது நான்" என்றாள் அவள். "மூணு வருஷம், ஒரு வேளை தப்பாம. அது கொடுக்கவேண்டியதைக் கொடுத்துடுச்சு, நான் இல்லேங்கல. இன்னும் அதுலேயே கட்டி வச்சா வலிப்பு வராம இருக்கலாம். ஆனா பயம் போகாது. அவளுக்கும் போகாது, உங்களுக்கும் போகாது."

எப்போது எழுந்தாளோ, சாதியா அறை வாசலில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கடித்த நாக்கு வலித்ததால் சொற்கள் குழறின.

"ஃபிட்ஸ் வரும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது வாப்பா. நீங்கதான் பாக்குறீங்க. ஆனா அந்த கிரீம், அது எவ்ரி டே எனக்குத் தெரியுது லா."

இஸ்மாயில் எழுந்து குளிக்கப் போனார். தராசு மேசையிலேயே கிடந்தது. அவரும் அதைத் திரும்பத் தொடவில்லை.

மறுவாரம் டாக்டர் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். இருக்கிற மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம், சாப்பாட்டை இப்படியே தொடரலாம். அடிக்கடி வர ஆரம்பித்தால் பழைய உணவுக்குத் திரும்பும் வழி இருக்கவே இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் அது தவறில்லை என்றார். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் கன்னத்துக்குள் விடவேண்டிய மருந்தையும் எழுதிக் கொடுத்தார். சாதியாவிடம், உனக்கு ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். எறால் மீ நூடுல்ஸ் சாப்பிடலாமா என்று அவள் கேட்டாள். மருந்தைக் கூட்டுவதென்று முடிவானது. ஒப்புதல் தாளை இஸ்மாயில் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் ஃபர்சானா கோப்பிக்கடை ஆட்கள் எல்லோரையும் வரச்சொன்னாள். மேசைகளை ஓரம் தள்ளி, மருதப்பனைத் தரையில் படுக்கச் சொன்னாள். சாவிக்கொத்தோடு ஓடிவந்தவர் அவர்தான் என்பதால் நோயாளியும் அவரே. மருதப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படுத்தார். கையைக் காலை உதறட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சும்மா கிடந்தால் போதும் என்றாள். எப்படிப் பக்கவாட்டில் திருப்புவது, தலைக்கு என்ன வைப்பது, ஏன் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, ஏன் அமுக்கிப் பிடிக்கக்கூடாது, எப்போது ஆம்புலன்ஸுக்கு 995 அடிப்பது, எல்லாவற்றையும் காட்டினாள். மீன் சூப்புக் கடைச் சீனப் பெண்மணி தன் கைபேசியில் குறித்துக்கொண்டாள். கடைசியாக ஃபர்சானா கணவரைக் கூப்பிட்டாள். ஊசியில்லாத குழாயில் வெறும் தண்ணீரை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள். மருதப்பனின் பற்களுக்கும் கன்னத்துக்கும் நடுவில் மெதுவாக விடவேண்டும். முதல் முறை தண்ணீர் மருதப்பனின் காதுக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது முறை இஸ்மாயில் சரியாகச் செய்தார். ஐந்தாவது முறையும் செய்து பார்த்தார்.

மே மாதக் கடைசியில் இஸ்மாயிலின் அக்கா ரஷீதா வீட்டுக்கு வந்தார். ஜூன் பள்ளி விடுமுறையில் அவருடைய மகள் மர்யமுக்கு நிக்காஹ். மர்யமுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு இடம் பேசித் தள்ளிப்போய், மூன்றாவதாக அமைந்த இடம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதிராம்பட்டினம்தான் பூர்வீகம். சாப்பாடு பழைய முறையில் சஹனில்தான் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒரே தட்டில் சாப்பிடுவது. ரஷீதா அழைப்பிதழைக் கொடுத்தார், பால் கலந்த தேயைக் குடித்தார், சாதியா ட்யூஷனில் இருக்கிறாளா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

கடையில் நடந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டவில்லை. எட்டினால், பெண் வீட்டு ரத்தத்தில் இப்படி ஒரு நோய் இருக்கிறதா, நாளைக்கு மர்யம் பெறும் பிள்ளைக்கும் வருமா என்று பேச்சு வரும். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. சேலை ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"நீங்க வரவேணாம்னு நான் சொல்வேனாடீ? பிள்ளையை மட்டும் அந்த ஒரு நாள் எங்கேயாவது விட்டுட்டு வாங்க. இத்தனை வருஷமும் சாப்பாடு ஒத்துக்காதுன்னுதானே கூட்டிட்டு வரல. அதையே சொல்லிக்கலாம்."

"இப்ப ஒத்துக்குது லாத்தா" என்றாள் ஃபர்சானா.

"ஃபர்சானா."

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. மர்யமுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினவ நான், அவ நிக்காஹ்ல எனக்கு ஆசை இல்லையா. ஆனா என் பிள்ளையை ஒளிச்சு வச்சுட்டு வந்து நான் சோறு திங்க மாட்டேன். வந்தா மூணு பேரும் வருவோம்."

ரஷீதா தம்பியைப் பார்த்தார். தங்கள் வாப்பா இறந்தபின் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் ரஷீதா. பரோட்டாக் கல் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்ன எதையும் இஸ்மாயில் மறுத்ததில்லை. ஜன்னல் பக்கம் நின்றபடியே சொன்னார்:

"மூணு பேரும் வர்றோம் லாத்தா. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க."

ரஷீதா எழுந்து போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம், ஏதாவது ஆனால் என்னைச் சொல்லாதீர்கள் என்றார். கதவைச் சாத்திவிட்டு இஸ்மாயில் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவிடம் அப்படிப் பேசியது அவருக்கே நம்பமுடியவில்லை. ஃபர்சானா ஆறிப்போன தேயைச் சூடுபண்ணி அவரிடம் கொடுத்தாள்.

நிக்காஹ் காத்தோங்கில் ஒரு சமூக மன்ற மண்டபத்தில் நடந்தது. நடுவில் திரை கட்டி ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சாதியா பச்சை நிற உடுப்பில், கையில் மருதாணியோடு வந்தாள். மர்யமின் மேடைக்கு ஓடிப்போய் அவள் மடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டாள். மர்யம் அவள் கன்னத்தைக் கிள்ளி, பசிக்கிறதா, எனக்கும் சேர்த்து நீ சாப்பிடு என்றாள். ரஷீதா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்; பக்கத்தில் வரவில்லை.

சாப்பாட்டு வேளையில் பாய் விரித்து சஹன்களை வரிசையாக வைத்தார்கள். நெய்ச்சோற்றின்மேல் ஆட்டுக்கறி, ஓரத்தில் அன்னாசிப் பச்சடி, கிண்ணத்தில் பருப்பும் கறியும் சேர்ந்த தால்ச்சா. ஃபர்சானாவுக்கும் சாதியாவுக்கும் எதிரே மாப்பிள்ளையின் பெரியம்மாவும் அவர் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா நல்ல கலகலப்பானவர். எந்த ஸ்கூல், எத்தனாம் வகுப்பு என்று சாதியாவைக் கேட்டார். தன் பக்கத்துக் கறித்துண்டு ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். ஃபர்சானா தோளில் மாட்டிய சின்னப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பையைக் கீழே வையேன்மா, அதில் என்ன தங்கமா இருக்கிறது என்று சிரித்தார்.

"அது என் மருந்து" என்றாள் சாதியா. "எனக்கு வலிப்பு வரும். வந்தா பயப்படாதீங்க. என்னைச் சைடுல திருப்பிப் படுக்க வைங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க. உம்மா டைம் பாத்துக்குவாங்க."

பள்ளியில் தோழிகளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கறியைப் பிய்த்தாள்.

சோற்றுக்குப் போன பெரியம்மாவின் கை பாதியில் நின்றது. அப்படியா என்றார். சற்று நேரம் கழித்து, தங்கச்சி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நான் அங்கே போகிறேன் என்று எழுந்தார். மகள் தாயைப் பார்த்தாள், சாதியாவைப் பார்த்தாள், அவளும் எழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்து சஹன்களில் பேச்சு குறைந்தது. மாப்பிள்ளையின் உம்மா தன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

ஃபர்சானா வாசல் பக்கம் பார்த்தாள். எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ரயில் நிலையம் பக்கத்தில்தான்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதா மா?" என்று சாதியா மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளதைத்தானே சொன்ன. சாப்பிடு."

பரிமாறும் பெண் ஒருத்தி வந்து, இரண்டு பேருக்கு ஒரு சஹன் வேண்டாமே, வேறு இடத்தில் சேர்த்து உட்காரவைக்கட்டுமா என்று கேட்டாள். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி ஃபர்சானா பதில் சொன்னாள்:

"நாங்க இங்கதான் இருக்கோம். தால்ச்சா கொஞ்சம் ஊத்துங்க."

தால்ச்சா வாளி ரஷீதாவின் கையில் இருந்தது. வரிசையின் கோடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். வாளியோடு வந்து நின்றார். மாப்பிள்ளையின் உம்மா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரஷீதா ஃபர்சானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சாதியாவைத்தான் பார்த்தார். பிள்ளை முழங்கைவரை நெய் வழிய, தலையைக் குனிந்துகொண்டு, வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது வந்து பறித்துவிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல இருந்தது அது.

ரஷீதா வாளியைப் பரிமாறும் பெண்ணிடம் கொடுத்தார். முட்டிவலிக்காரர், ஒரு கையை ஃபர்சானாவின் தோளில் ஊன்றி, முனகிக்கொண்டே எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

"பெண்ணைப் பெத்தவளுக்கு உக்காந்து திங்க நேரம் எங்கேடீ இருக்கு" என்றார் யாரிடமோ போல. கையைக் கழுவிக்கொண்டு வந்தீர்களா என்று ஃபர்சானா கேட்டாள். கழுவியாயிற்று என்றவர், அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, அதே தட்டில் கை வைத்தார்.

அன்று மண்டபத்தில் சாதியாவுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வருடத்தில் இன்னும் இரண்டு முறை வந்தது: ஒரு தடவை பள்ளியில், ஒரு தடவை வீட்டில். வீட்டில் வந்தபோது இஸ்மாயில் தனியாக இருந்தார். திருப்பிப் படுக்கவைத்து, நேரம் பார்த்து, நின்ற பிறகுதான் ஃபர்சானாவுக்குப் போன் செய்தார். மர்யமின் மாமியார் வீட்டில் இதைப்பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது என்றும், மர்யமே பதில் சொல்லிக்கொண்டாள் என்றும் பின்னால் தெரிந்தது.

அன்று அந்தச் சஹனில் நாலாவது பக்கத்துக்குக் கடைசிவரை யாரும் வரவில்லை. தன் பக்கத்தை முடித்துவிட்ட சாதியா, தொடாமல் கிடந்த அந்தச் சோற்றைப் பார்த்தாள்.

"மாமி, அந்தப் பக்கம் யாருக்கு?"

ரஷீதா எலும்போடு இருந்த பெரிய துண்டைச் சோற்றோடு சேர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

"உனக்குத்தான். மெதுவா தின்னு" என்றார்.